நெல் விளைகிறது, காயவைக்கத்தான் இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருகிவரும் மக்கள்தொகைக்குச் சோறு போட நவீன வேளாண்மையால் முடியுமா, அல்லது அதுவே மண்ணைக் கெடுத்து நம்மைப் பட்டினியில் கொண்டுபோய் நிறுத்துமா என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் நடந்துவரும் விவாதத்தை விடாமல் படித்துவருகிறேன். உயர்விளைச்சல் ரகங்களும் யூரியாவும் இல்லாவிட்டால் நாடு மறுபடியும் வெளிநாட்டுக் கப்பலுக்குக் கையேந்தும் என்கிறார் ஒருவர். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல் ரகங்களுக்குத் திரும்பினால்தான் விடிவு என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஆனால் இருவருமே வரப்புக்கு உள்ளே நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேறிய பிறகு நெல்லுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி இதுவரை வந்த கட்டுரைகளில் ஒரு பத்திகூட இல்லை. திருவாரூர் மாவட்டத்தில் குறுவையும், அதை அறுத்த வயலிலேயே அடுத்து நடும் தாளடியும் சாகுபடி செய்துவருபவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியைப் பற்றி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

விளைச்சலைக் கூட்டியது எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாம் 36 கோடிப் பேர்; அப்போது நாட்டின் உணவு தானிய விளைச்சல் ஏறத்தாழ 5 கோடி டன். இன்று 140 கோடியைத் தாண்டிவிட்டோம். 2023-24ஆம் ஆண்டின் விளைச்சல் 33 கோடி டன். மக்கள் நான்கு மடங்காகப் பெருகிய காலத்தில் தானியம் ஆறு மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருடைய உணவு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் தொழிற்சாலை முறையை நம்பியிருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்திய இலங்கை, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது; ஆனாலும் அந்தப் பருவத்தின் பெரும்போக நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து தருவிக்கும் நிலை வந்துவிட்டது. உலக மக்கள்தொகை 2050-இல் 970 கோடியை நெருங்கும் என்றும், 2080-களில் 1,030 கோடி அளவில் உச்சம் தொட்டுப் பிறகே மெல்லக் குறையும் என்றும் ஐ.நா. மதிப்பிட்டிருக்கும்போது, நவீன வேளாண்மையே வேண்டாம் என்று சொல்வதற்கு இடமில்லை. என் குறையெல்லாம், அந்த நவீனத்தை நாம் பாதி வழியில் விட்டுவிட்டோம் என்பதுதான்.

இதற்கு எங்கள் காவிரி டெல்டாவை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. மத்திய அரசு 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த சோதனை அது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும், அதாவது கிச்சிலிச் சம்பாவையும், கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 அந்தப் பத்தாண்டின் நடுவில் குறுவைக்கு வந்தது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வெளியானது. ஒரு போகம் விளைந்த வயல்களில் இரண்டு போகம் விளையத் தொடங்கியது. அக்காலத்தில் சாகுபடி செய்த பெரியவர்கள் ஆடுதுறை 27-ஐப் பற்றி இன்றும் மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

ஆனால் அந்தக் குறுகிய கால விதையோடு சேர்ந்து ஒரு சிக்கலும் வந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, நாற்று விட்டு, நட்டு, 105 முதல் 120 நாட்களில் விளையும் குறுவை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுப்புக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும் நேரம் அது. தை மாத வெயிலில் சம்பா அறுத்துப் பழகிய ஊர்கள், ஐப்பசி மழையில் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தன. அன்றைய ஆட்சியாளர்களும் விஞ்ஞானிகளும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 1967-இல் திருவாரூரில், தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களின் இணையத்துக்குச் சொந்தமான நவீன அரிசி ஆலையோடு சேர்த்து ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டதே, மழையில் நனைந்த ஈரநெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான். அந்தச் சிறு ஆய்வுக்கூடம் நெல் பதன் ஆராய்ச்சி மையமாகி, படிப்படியாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். அந்த நிறுவனம் பிறப்பதற்குக் காரணமான ஈரநெல் மட்டும், அங்கிருந்து சில மைல் தொலைவில் இன்றைக்கும் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் முளைத்துக்கொண்டிருக்கிறது.

கையறுப்புக் காலத்தில் நெல் காய்வதற்கு அந்த வேலை முறையிலேயே நேரம் இருந்தது. கதிரை அறுத்து அரி அரியாய்த் தாளின் மேல் போட்டு ஒரு வெயில் காயவிடுவார்கள். பிறகு கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, கட்டடித்து, மிச்சத்தை மாடு விட்டுப் பிணையடித்து, தூற்றிப் பட்டறை போடுவதற்குள் ஈரம் பெருமளவு இறங்கிவிடும். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் வெடுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று பொருள். இன்று டெல்டாவில் கையால் அறுப்பது அரிதாகிவிட்டது. ஆள் கிடைக்காது; கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே இயந்திரத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. இயந்திரம் வந்திராவிட்டால் எங்கள் வயல்களில் பாதி தரிசாகக் கிடந்திருக்கும். ஆனால் பெல்ட் வண்டி என்று நாங்கள் சொல்லும் அறுவடை இயந்திரம் பச்சைத் தாளோடு உள்ள பயிருக்குள் இறங்கி, அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்து, 20 முதல் 24 சதவீதம் ஈரமுள்ள நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டுப் போகிறது. இயந்திரத்துக்கு அந்த ஈரம்தான் ஏற்றது. இன்னும் காயவிட்டால் மணி உதிரும், அரிசி நொறுங்கும். முன்பு பல நாட்களில் நடந்த வேலை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியபோது, அந்த நாட்களோடு சேர்ந்து நெல் காய்வதும் போய்விட்டது. அந்தக் காயவைப்பை வேறு எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கரை அறுக்கிறது. ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் (மூட்டை) 60 என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் ஒரு வண்டி 600 சிப்பத்தைக் கொட்டிவிடும். அரசின் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம் நாளொன்றுக்குப் பிடிப்பது, அதாவது வாங்குவது, 800 முதல் 1,000 சிப்பம். இரண்டு வண்டிகள் ஓடினாலே அந்த நிலையத்தின் ஒரு நாள் வேலை முடிந்துவிடுகிறது; அறுப்புக் காலத்தில் ஒரு கிராமத்துக்குள் ஐந்தாறு வண்டிகள் ஓடுகின்றன. வாய்க்காலில் ஒரே நாளில் தண்ணீர் வருவதாலும், எல்லோரும் ஒரே மாதிரி வயதுள்ள ரகங்களை நடுவதாலும், சுற்றுவட்டாரம் முழுவதும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரேயடியாக அறுப்புக்கு வருகிறது. இந்த வேகத்தைத் தாங்குவதற்கு நிலையத்தில் இருப்பவை ஒரு தூற்றும் மெஷின், ஓர் எடைத்தராசு, சில லோடுமேன்கள், வந்தால் உண்டு என்கிற சாக்கு, வந்தால் உண்டு என்கிற லாரி. மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் பணத்தைப் பற்றித் தங்கள் நாளிதழே பலமுறை எழுதிவிட்டது; நான் அதற்குள் போகவில்லை. வரிசை நீண்டால் கைமாறுவதும் கூடும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, அக்டோபரில் எங்கள் பக்கம் எந்தச் சாலையில் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஊர்க் களங்கள் பல ஊர்களில் இல்லை. வருவாய்க் கணக்கில் களம் புறம்போக்கு என்று இருக்கும். நேரில் போனால் வீடு இருக்கும், கட்டடம் இருக்கும், கருவை மண்டிக்கிடக்கும். எனவே நெல் தார்ச்சாலைக்கு வருகிறது. ஒரு பாதிச் சாலையை நெல்லும், மறு பாதியைப் பேருந்தும் எடுத்துக்கொள்கின்றன. நெல்லின் ஓரத்தில் கருங்கல்லும் தென்னை மட்டையும் அடையாளத்துக்கு வைத்திருப்பார்கள். பெண்கள் காலால் கோடு இழுத்தபடி மேலும் கீழும் நடந்து கிளறிவிடுவார்கள். நெல்லில் ஏறிச் சறுக்கி விழும் இருசக்கர வாகன ஓட்டிகள் எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள், அவர்கள் திட்டுவதில் நியாயம் உண்டு. மேகம் திரண்டதும் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். மூடிய நெல் மூச்சு விடும், சூடேறும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், இரண்டாம் நாள் புளித்த வாடை வரும், அரிசி மஞ்சளிக்கும். குறுகிய கால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு என்பதால், தரையை ஒட்டிய அடிநெல் மூன்றாம் நான்காம் நாளில் வெள்ளை முளை காட்டிவிடுகிறது. ஈரநெல்லை 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. நாங்கள் அதை வாரக்கணக்கில் காவல் காக்கிறோம்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். கருவியின் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டு எண்ணைப் பார்ப்பார்கள். 17 என்றால் முழு விலை. 18 என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் காயவை. நடுவில் ஒன்றும் இல்லை. சென்ற குறுவையில் நான் கொண்டுபோன நெல், காலையில் வரம்புக்குள் இருந்து, சாக்கு வருவதற்குள் பெய்த தூறலில் மாலையில் வரம்பைத் தாண்டிவிட்டது. கருவியும் பொய் சொல்லவில்லை, எண்ணைப் படித்தவரும் பொய் சொல்லவில்லை. நெல் இருந்த இடம் திறந்தவெளி, அவ்வளவுதான்.

மழை அதிகமான ஆண்டுகளில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசு தில்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும். குவியல்களில் மாதிரி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகும். சில நாட்கள் கழித்து, தளர்த்தியோ தளர்த்தாமலோ, ஆணை வரும். 2023 பிப்ரவரியில் சம்பா அறுப்பில் மழை கொட்டியபோதும் இதுதான் நடந்தது. பாதிக்கப்பட்ட பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்ததை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரம்பைத் தளர்த்தும் ஆணை எந்த நெல்லையும் உலர்த்துவதில்லை. அது விவசாயியின் தலையிலிருந்த ஈரத்தைச் சாக்குக்குள் மாற்றி, திறந்தவெளிக் கிடங்குக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே கெட்டால் அது செய்தியாகும் காலம் வேறு, பதில் சொல்ல வேண்டியவரும் வேறு.

இதில் எனக்கு எப்போதும் விளங்காத ஒன்று உண்டு. நம் நியாயவிலைக் கடைகளில் போடுவது பெரும்பாலும் புழுங்கலரிசி. புழுங்கலுக்கு ஆலையில் முதல் வேலை, நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு ஈரத்தை 30 சதவீதம் அளவுக்கு ஏற்றுவது. அதாவது சாலையில் பாடுபட்டு 17-க்கு இறக்கிய நெல்லை அவர்கள் மறுபடியும் நனைக்கிறார்கள். வயலிலிருந்து இரண்டு நாளில் ஆலைத் தொட்டிக்குப் போய்ச் சேர முடிந்தால், 22 சதவீத ஈரம் ஒரு குற்றமே ஆகாது. நடுவில் கிடக்கும் காத்திருப்புதான் ஈரத்தைக் குற்றமாக்குகிறது. அந்தக் காத்திருப்பு ஏன் என்றால், டெல்டாவில் விளையும் நெல்லை அரைக்க டெல்டாவில் போதிய ஆலை இல்லை. நெல் இங்கிருந்து சரக்கு ரயிலில் ஏறி மேற்கு, தெற்கு மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. ரயில் பெட்டி கிடைக்காத நாட்களில் லாரி நகராது. லாரி நகராவிட்டால் நிலையத்தில் இடம் இருக்காது. இடம் இல்லாவிட்டால் கொள்முதல் இல்லை. நாற்பது கிலோ சிப்பத்தை மாவட்டம் விட்டு மாவட்டம் சுமந்துபோய் அரைத்து, அரிசியாக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி இங்கேயே கொண்டுவந்து கடையில் போடுகிறோம்.

இழப்பு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அறுவடையிலும் அதற்குப் பிறகும் தானியங்களில் 4.65 முதல் 5.99 சதவீதம் வரை வீணாவதாக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் 33 கோடி டன்னில் 5 சதவீதம் என்பது ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். தமிழ்நாடு ஓராண்டில் விளைவிக்கும் மொத்த அரிசியை விட அது அதிகம். அந்த நெல்லோடு சேர்ந்து போவது நெல் மட்டுமா? ஒரு கிலோ நெல்லை விளைவிக்கச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலில் செலவாகிறது. காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை டி.எம்.சி. வந்தது என்று நீதிமன்றம் வரைக்கும் போய் நாம் வாங்கிவந்த தண்ணீர் அது. போட்ட யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிருக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை; அப்படிப் போய்ச் சேர்ந்ததையும் மணியாக்கிய பிறகு சாலையில் முளைக்க விடுகிறோம். விளைச்சலை இன்னும் 5 சதவீதம் உயர்த்த ஒரு புது ரகத்துக்கு விஞ்ஞானிகள் பத்து ஆண்டு உழைக்கிறார்கள். அதே 5 சதவீதம் இங்கே கையருகில் கிடக்கிறது.

பாரம்பரிய ரகங்களை ஆதரிப்பவர்களிடம் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்து ஊர் ஊராகக் கொடுத்தது பெரிய தொண்டு. நானும் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பயிரிடுகிறேன். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் ஈரத்தோடு குவித்தால் முளைக்கத்தான் செய்யும். ரகம் எதுவானாலும் களம் வேண்டும்.

இயந்திரத்தால் இழந்த இன்னொன்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் அதையும் குறிப்பிடுகிறேன். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப் பயற்றையும் தெளிப்பது இங்கு வழிவழியாக வந்த முறை. அறுக்கும்போது கன்று இரண்டு இலை விட்டிருக்கும். அறுக்கும் ஆள் கால் படாமல் ஒதுங்கிப் போவார். கன்று பனி ஈரத்திலேயே வளர்ந்து பங்குனியில் பயறு கொடுத்துவிடும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, உரம் இல்லை. மண்ணுக்கும் நைட்ரஜன் சேரும். பெல்ட் வண்டி ஏறினால் அந்தக் கன்று நசுங்கிவிடுகிறது. வண்டி தள்ளிவிடும் வைக்கோல் வரிசைக்கு அடியில் மிச்சமும் மூடிக்கொள்கிறது. பலர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். அரிசி போதுமான அளவு இருக்கும் நாட்டில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள். பருப்பு இறக்குமதி செய்யும் நாடு, செலவில்லாமல் விளைந்த பருப்பை இப்படி இழக்கலாமா? அறுத்த தாளிலேயே வைக்கோலை விலக்கி விதைக்கும் கருவிகள் இருக்கின்றன. வட மாநிலங்களில் நெல் தாளில் கோதுமை விதைக்க மானியம் கொடுத்து அவற்றைப் பரப்பினார்கள். எங்கள் களிமண்ணுக்கும் உளுந்துக்கும் ஏற்றபடி அதை மாற்றித் தருவது நம் வேளாண் பொறியாளர்களுக்குப் பெரிய காரியமாக இருக்காது.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை, கூட்டுறவுத் துறையில் 700 லட்சம் டன் கொள்ளளவுக்குக் கிடங்குகள் கட்ட ஒப்புதல் கொடுத்தது. வரவேற்கிறேன். ஆனால் கிடங்கு என்பது காய்ந்த தானியத்துக்கு. 14 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை எவ்வளவு நல்ல கட்டடத்தில் வைத்தாலும் அது மாதக்கணக்கில் தாங்காது. கிடங்குக்கு முன்னால் உலர்த்தி வர வேண்டும். நாலைந்து கொள்முதல் நிலையங்களுக்கு ஒன்றாக, கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில், இயந்திர உலர்த்திகளை நிறுவ வேண்டும். 22 சதவீத நெல்லை ஓர் இரவுக்குள் 17-க்குக் கொண்டுவருவது இந்த உலர்த்திகளுக்குப் புதிதல்ல. ஆலைகளில் நாள்தோறும் நடப்பதுதான். எரிபொருளுக்கு டீசலை நம்ப வேண்டியதில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைக் கொதிகலன்கள் அதில்தான் எரிகின்றன; நம் உலர்த்தியும் அதிலேயே எரியும்.

விலையைப் பற்றியும் ஒரு யோசனை. 17 வரை முழு விலை, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற முறையை மாற்றி, நெல்லை வந்த ஈரத்திலேயே எடைபோட்டு, 17 சதவீதக் கணக்குக்குக் கழித்துக்கொண்டு பணம் கொடுத்துவிடலாம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17-க்கு இறங்கும்போது 94 கிலோவாகிறது. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய் என்ற விலையில், அந்த ஈரநெல்லுக்கு ஏறத்தாழ 2,392 ரூபாய் வரும். உலர்த்தும் கூலிக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் நான் மறுக்கமாட்டேன். சாலையில் கிளறும் கூலி, தார்ப்பாய் வாடகை, இரவுக் காவல், முளைத்த அடிநெல், கடைசியில் பொறுக்க முடியாமல் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவது ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கழிவு எங்களுக்கு லாபம். இப்படிச் செய்தால் எல்லோரும் ஈரநெல்லையே கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. எடையில் கழிகிறது என்றால் தண்ணீரை விற்க யாராலும் முடியாது. காயவைக்க வசதியுள்ளவர் காயவைத்துக் கொண்டுவரட்டும், முழு எடைக்கு வாங்கட்டும்.

உலர்த்தி ஆண்டில் இரண்டு மாதம்தான் ஓடும், மீதி நாள் துருப்பிடிக்கும் என்பது அடுத்த ஆட்சேபம். குறுவைக்கு செப்டம்பர், அக்டோபர். சம்பாவுக்கும் தாளடிக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதன் பிறகு உளுந்து, பயறு, எள். சில பகுதிகளில் மக்காச்சோளம். விதைநெல் காயவைப்பதற்கு வெப்பத்தைக் குறைத்து ஓட்டினால் சங்கங்களுக்கு அது தனி வருமானம். அறுவடை இயந்திரம் வாங்க மானியம் கொடுத்தபோது, அது ஆண்டில் எத்தனை நாள் ஓடும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

களம் புறம்போக்குகளை மீட்பது தனிக் கதை. அது வருவாய்த் துறையும் ஊராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டியது. ஒவ்வோர் ஊரிலும் தகராறு வரும் என்பதும் தெரியும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வயலைக் காக்க அந்தச் சட்டம் பயன்படுவதைப் போல, மிச்சமிருக்கும் களங்களையும் பட்டியலிட்டு அதே பாதுகாப்புக்குள் கொண்டுவந்தால், இருப்பதாவது தங்கும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழிடமே ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாள் தவறாமல் முதல் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். டெல்டாவில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் காலையில் முதலில் பார்ப்பது அந்தச் சிறு கட்டத்தைத்தான். வரும் செப்டம்பர் முதல் தேதி கொள்முதல் தொடங்கும் நாளிலிருந்து, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடுங்கள்: வட்டம் வாரியாக, கொள்முதல் நிலையங்களில் முந்தைய நாள் பிடித்த சிப்பம் எவ்வளவு, கிடங்குக்கோ ஆலைக்கோ நகர்ந்தது எவ்வளவு, வெளியில் காத்துக்கிடப்பது எவ்வளவு. பிடித்ததற்கும் நகர்ந்ததற்கும் கணக்கு நிலையங்களில் அன்றாடம் எழுதப்படுகிறது. காத்துக்கிடப்பதைத் தங்கள் செய்தியாளர்கள் சாலையில் நின்றே எண்ணிவிடலாம்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.